இல்லத்தில் காணத்தக்க காட்சி எது?



சென்ற பௌர்ணமிக் கூட்டத்தில் பஞ்சசீலம் ஏற்றுத் தம்ம உரையும் முடிந்தபின், ஐயம் உடையோர் கேட்கலாம் என்று யாம் கூறியவுடன் ஒரு சகோதரி எழுந்து நின்றார். நிர்வாணத்தைப் பற்றியோ மறுபிறப்பைப் பற்றியோ அவர் வினவவில்லை. "ஐயா, எங்கள் வீட்டில் நாள்தோறும் இரவு எட்டு மணிக்குச் சண்டை. எந்தப் படத்தைப் பார்ப்பது, எந்தத் தொடரைப் பார்ப்பது என்பதே காரணம். பௌத்தர் வீட்டில் எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கலாகாது என்று தாங்கள் ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தால் சுவரில் ஒட்டிவிடுகிறேன்" என்றார். கூடியிருந்தோர் பலர் நகைத்தனர். எமக்கு நகைப்பு வரவில்லை. அந்தச் சண்டை எம் வீட்டிலும் நடந்தது. அதில் தவறு செய்தவர் யாமே. ஆதலின் அடுத்த திங்கள் விடை கூறுவதாகச் சொல்லி அமர்ந்தோம். இப்பாடமே அவ்விடை. அவர் கேட்ட பட்டியல் மட்டும் இதில் இராது. ஏன் இராது என்பது போகப் போக விளங்கும்.

முதற்கண் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். பௌத்தன் என்றால் படமே பார்க்கலாகாது என்று எண்ணி நம் வாயிற்படி ஏறாமல் நிற்கும் இளைஞர் சிலரை யாம் அறிவோம். அவ்வெண்ணம் பிழை. உபோசத நாளில் எட்டுச் சீலம் ஏற்போர் ஆடல், பாடல், கூத்துக் காட்சி ஆகியவற்றை அன்று ஒருநாள் விலக்குகின்றனர். ஏனைய நாட்களில் இல்லறத்தார்க்கு அத்தடை இல்லை. ஆயினும் தீக நிகாயத்தில் சிகாலன் என்னும் இல்லறத்தான் மகனுக்குப் பகவான் அறிவுரை கூறுங்கால், பொருள் கரைந்தோடும் வாயில்கள் ஆறு என்று எண்ணி, அவற்றுள் ஒன்றாகக் கூத்துக் களங்களைத் தேடி ஓயாது திரிதலை வைக்கின்றார். இன்று எங்கே ஆட்டம், எங்கே பாட்டு, எங்கே மேளம் என்று கேட்டுக்கொண்டே அலைபவன் மனத்தில் வேறெதுவும் தங்காது என்பது கருத்து. குற்றம் ஒரு காட்சியைக் கண்டதில் இல்லை. அதே நினைவாய் அலைந்ததில்தான் உள்ளது.

அக்காலத்தில் கூத்துக் காண வேண்டுமாயின் எழுந்து, உடுத்திக்கொண்டு, ஊர்ப் பொதுவிடத்துக்கு நடந்து செல்ல வேண்டும். நடக்கும் தொலைவே ஒரு காவல். இன்றோ கூத்து நம்மைத் தேடி வந்து மடியில் அமர்கின்றது. டில்லியில் 1959 செப்டம்பர் 15 ஆம் நாள் தொலைக்காட்சி தொடங்கியபோது அதைக் கண்டோர் மிகச் சிலர். 1987 இல் பெங்களூரில் யாம் குடியிருந்த லைனில் நாற்பது வீடுகளுக்கு ஒரே பெட்டி. அப்போது எமக்கு வயது பதினேழு. ஞாயிறு காலை இராமாயணத் தொடர் வரும்பொழுது, அவ்வீட்டுத் திண்ணையிலும் தெருவிலும் தலைகளாகவே தெரியும். பெட்டிக்கு மாலையிட்டுச் சூடம் கொளுத்திய காட்சியையும் யாம் கண்டோம். யாமும் கைகூப்பியே அமர்ந்திருந்தோம். பின்னர் வாடகைக் கேசட் வந்தது, கேபிள் வந்தது. இன்று எம் வீட்டில் பெட்டி ஒன்று, செல்பேசி மூன்று. ஆக நான்கு கூத்து மேடைகள். இவற்றுக்கு வாயிற்காவலர் எவரும் இல்லை.

நிற்க. எதைக் கொண்டு அளப்பது? இதற்கு நம் நூல்களில் பொருத்தமான ஒரு நிகழ்ச்சி உண்டு. சம்யுத்த நிகாயத்தில், காமணி சம்யுத்தம் என்னும் பகுதியில், தாலபுடன் என்ற கூத்தர் தலைவன் பகவானை அணுகுகின்றான். மேடையில் மெய்யும் பொய்யும் கலந்து மக்களைச் சிரிக்கச் செய்யும் கூத்தன், இறந்தபின் சிரிக்கும் தேவர்களிடையே பிறப்பான் என்று தன் முன்னோர் கூறியுள்ளனர். அதுபற்றித் தாங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்கின்றான். பகவான் அதை விட்டுவிடு, கேளாதே என்கின்றார். மறுபடியும் கேட்கின்றான், மறுபடியும் மறுக்கின்றார். மூன்றாம் முறை கேட்டபின்பே விடை கூறுகின்றார். மக்கள் ஏற்கெனவே ஆசை, பகை, மயக்கம் என்னும் மூன்று கட்டுகளால் கட்டுண்டவர்கள்; கூத்தன் அக்கட்டுகளை இறுக்கும் பொருள்களையே மேலும் மேலும் அவர்கள் முன் குவிக்கின்றான் என்பது அவ்விடையின் சாரம். தாலபுடன் அழுதான். பகவான் சொன்ன சொல்லுக்காக அன்று. இத்தனை காலம் தன் முன்னோர் சொல்லால் ஏமாந்ததற்காக அழுதான். பின்னர்த் துறவு பூண்டு அரகந்தன் ஆனான். அவன் பாடியனவாகத் தேரகாதையில் நீண்ட பகுதி ஒன்று உள்ளது.

இதிலிருந்து நமக்கு ஓர் அளவுகோல் கிடைக்கின்றது. ஒரு படத்தைக் கண்டு எழுந்தபின், ஆசை வளர்ந்ததா, பகை வளர்ந்ததா, மயக்கம் வளர்ந்ததா என்று நம்மை நாமே கேட்கலாம். அப்படத்தில் முத்தம் உண்டா, சண்டை உண்டா, மது உண்டா என்று எண்ணிப் பார்ப்பது வேறு, இது வேறு. கொலையைக் காட்டியும் கொலையின்மேல் அருவருப்பை உண்டாக்கும் படங்கள் உண்டு. ஒரு துளி இரத்தமும் காட்டாமல் அண்டை வீட்டாரை வெறுக்கக் கற்பிக்கும் படங்களும் உண்டு.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. பகவான் இருமுறை மறுத்தார். பிறர் இன்பத்தைக் குறைகூற அவருக்கே அத்தனைத் தயக்கம் இருந்தது. எமக்கு அத்தயக்கம் இல்லாமற் போன கதையைப் பின்னர்க் கூறுவோம்.

யாம் இருபதாம் வயதில் ஒரு பஞ்சாலையில் சேர்ந்து, அது மூடப்படும்வரை பதின்மூன்று ஆண்டுகள் உழைத்தோம். முதல் இரண்டு ஆண்டு பேல் உடைக்கும் அறையில் வேலை. பஞ்சுப் பொதிகளை உடைத்து, விதைத்தோலும் இலைத்தூளும் சணல் நாரும் நீக்கிக் கலவை செய்யும் இடம் அது. அங்கே ஒரு சணல் இழையைக் கவனியாமல் விட்டுவிட்டால், அது கார்டிங் கடந்து, ரிங் பிரேம் கடந்து, நெய்த துணியில் சாயம் ஏறாத கோடாய்ப் போய் நிற்கும். நூல் அறுந்தால் ரிங் பிரேமில் நிற்பவரைத்தான் ஏசுவர். குற்றம் பெரும்பாலும் முதல் அறையில் நிகழ்ந்திருக்கும். வீட்டில் பிள்ளை ஒரு கெட்ட சொல்லைச் சொன்னால் பிள்ளையை அடிக்கின்றோம்; அச்சொல் எந்தப் பொதியில் வந்தது என்று பார்ப்பதில்லை.

பொதியின் மேல் முத்திரை இருப்பதுபோலப் படத்துக்கும் முத்திரை உண்டு. அதைப் படிக்கத் தெரிந்துகொள்ள வேண்டும். 1952 ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டத்தின்படி முதலில் 'யு', 'ஏ' என்னும் இரு சான்றுகளே வழக்கில் இருந்தன. 'யு' எல்லோரும் காணத்தக்கது. 'ஏ' வயது வந்தோர்க்கு மட்டும். 1983 இல் 'யுஏ' என்பது சேர்ந்தது. பெற்றோர் வழிகாட்டுதலுடன் சிறுவர் காணலாம் என்பது அதன் பொருள். மருத்துவர் போன்ற தனித் துறையினர்க்கு உரிய 'எஸ்' என்பதும் அப்போது வந்ததே. 2023 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் 'யுஏ' என்பதை ஏழு வயது, பதின்மூன்று வயது, பதினாறு வயது என்று மூன்றாகப் பிரித்தது. இணையவழிப் படநிறுவனங்களுக்கு 2021 பிப்ரவரியில் அரசு விதித்த விதிகளின்படி, அவை தாமே இவ்வகை வயதுக் குறியை இட்டு, எதனால் அக்குறி என்பதையும் காட்ட வேண்டும். பதின்மூன்றும் அதற்கு மேலும் குறியிட்டவற்றுக்குப் பெற்றோர் பூட்டும் வசதி இருத்தல் வேண்டும். தொலைக்காட்சியில் 'ஏ' சான்றுப் படத்தை அப்படியே ஒளிபரப்பலாகாது. வெட்டிக் குறைத்து வேறு சான்று பெற்ற பின்பே காட்டலாம். ஆகவே பெட்டியில் குடும்பத்தோடு கண்ட படம்தானே என்று நம்பிச் செல்பேசியில் அதே பெயரைப் பிள்ளையிடம் கொடுத்தல் சரியன்று. இரண்டும் ஒன்றாய் இராமற் போகலாம்.

இதை யாம் கற்றது தவறு செய்தே. 2021 நவம்பர் 2 ஆம் நாள் 'ஜெய் பீம்' இணையத்தில் வெளியானது. நம் வாழ்த்துச் சொல்லையே பெயராகக் கொண்ட படம் என்ற மகிழ்ச்சியில், முதல் இரவே குடும்பத்தினர் அனைவரையும் அமர்த்தினோம். எட்டு வயதுப் பேரன் எம் மடியில். அது 'ஏ' சான்று பெற்ற படம் என்பதைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தாலும், நம் படத்துக்கு இது பொருந்தாது என்றே எண்ணியிருப்போம். காவல் நிலையத்தில் அடிக்கும் காட்சிகள் வந்தபோது பிள்ளை எம் சட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். யாமோ கண்ணீருடன் திரையையே நோக்கியிருந்தோம். மடியில் இருந்தவனை மறந்தோம். அன்றுமுதல் பத்து இரவுகள் அவன் விளக்கணைத்து உறங்கவில்லை. தெருவில் காவலரைக் கண்டால் எம் விரலை இறுகப் பிடித்துக்கொள்வான். அவன் தாய் எம்மை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சற்று ஆறுதலாய் இருந்திருக்கும்.

அப்படம் தாழ்ந்தது என்று யாம் கூறவில்லை. வளர்ந்தோர் ஒவ்வொருவரும் காணவேண்டிய படம் என்றே இன்றும் கூறுகின்றோம். 1993 இல் தமிழ்நாட்டில் நடந்த ஒரு காவல் நிலையக் கொடுமையையும், அதற்காக வழக்காடிய வழக்கறிஞர் சந்துருவின் உழைப்பையும் தழுவி எடுக்கப்பட்டது அது. நல்ல படம் என்பது எல்லார்க்கும் எப்போதும் நல்லதாகிவிடாது. மருந்தும் அவ்வாறே, ஆள் பார்த்து, அளவு பார்த்தே தருகின்றோம்.

இனி எம் மற்றொரு பிழை. இது 2012 இல் நிகழ்ந்தது. ஆலை மூடியபின் தம்மப் பணியில் முழுதும் ஈடுபட்டிருந்த காலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தொலைக்காட்சித் தொடர்கள் பெண்களின் மனத்தைக் கெடுக்கின்றன என்று மன்றத்தில் ஒரு மணி நேரம் முழங்கினோம். பலத்த கைதட்டல். தட்டியவர் அனைவரும் ஆண்கள் என்பது அப்போது எமக்குத் தோன்றவில்லை. சொன்னதைச் செய்ய வேண்டுமே என்று வீட்டுக்கு வந்தவுடன் கேபிள்காரரை அழைத்து இணைப்பைத் துண்டித்துவிட்டோம்.

எம் இல்லாள் கார்மென்ட்ஸ் தொழிற்சாலை ஒன்றில் தையல் வேலை பார்த்து வந்தார். மணிக்கு இத்தனை உருப்படி என்று இலக்கு. சிறுநீர் கழிக்க எழுந்தாலும் சூப்பர்வைசரின் முகத்தைப் பார்த்தே எழ வேண்டும். மாலை வந்து சமைத்து, பாத்திரம் கழுவி, இரவு ஒன்பது மணிக்குக் காலை நீட்டி அமர்ந்து அரைமணி நேரம் ஒரு தொடரைப் பார்ப்பார். அந்த அரைமணியைத்தான் யாம் துண்டித்தோம். அவர் சண்டையிடவில்லை. இரவு ஒன்பது மணிக்கு அண்டை வீட்டுக்குச் செல்லலானார். அவ்வீட்டில் பூசையும் உண்டு, புறணியும் உண்டு. மகளோ போர்வைக்குள் செல்பேசியை வைத்துக்கொண்டு அதே தொடரைப் பார்த்தாள். ஏழு திங்கள் இப்படிக் கழிந்தன. ஒருநாள் யாமே பொறுக்கமாட்டாமல் கேட்டோம். அவர் சொன்னார்: "நீங்கள் மன்றத்துக்குப் போய்ப் பேசிவிட்டு வருகிறீர்கள். நாலு பேர் கேட்கிறார்கள், கைதட்டுகிறார்கள். நான் எங்கே போய் உட்கார?"

எமக்கு விடை தெரியவில்லை. இணைப்பு திரும்ப வந்தது. ஆனால் இம்முறை ஒரு நிபந்தனை வைத்தோம், அதுவும் எமக்கே. ஒரு வாரம் அவர் அருகில் அமர்ந்து, வாய் திறவாமல், அத்தொடர்களை முழுதும் காண்பது. கண்டோம். உண்மையைச் சொன்னால் மூன்றாம் நாள் எமக்கும் அடுத்து என்ன நிகழும் என்ற ஆவல் பிறந்துவிட்டது; தாலபுடன் சிரித்திருப்பான். ஆறாம் நாள் எம் இல்லாளே, "இதைப் பார்த்துவிட்டுப் படுத்தால் உங்கள் தங்கை பத்து வருடத்துக்கு முன் சொன்ன சொல்லெல்லாம் நினைவுக்கு வருகிறது" என்றார். பகை வளர்கின்றது என்பதை எம் உரை இன்றியே அவர் கண்டுகொண்டார். இரண்டு தொடர்களில் ஒன்றை விட்டார். மற்றொன்றை விடவில்லை, அதில் கணவனை இழந்த ஒருத்தி உணவுக்கடை நடத்திப் பிழைக்கின்றாள், அவளைப் பார்த்தால் தமக்குத் தெம்பு வருகின்றது என்றார். கதையில் ஆயிரம் ஓட்டை இருந்தது. அதைச் சொல்ல யாம் வாய் திறக்கவில்லை.

பட்டியல் தருவதில்லை என்று யாம் முடிவு செய்தது இதனால்தான். சுவரில் ஒட்டிய பட்டியல் சுவரைத்தான் காக்கும்.

புராண இதிகாசத் தொடர்களைப் பற்றிப் பலர் கேட்கின்றனர். 2020 மார்ச்சு இறுதியில், ஊரடங்கின்போது, பழைய இராமாயணத் தொடர் மீண்டும் ஒளிபரப்பானபோது இக்கேள்வி மிகுந்தது. 1956 அக்டோபர் 14 ஆம் நாள் நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கர் மக்களுக்கு அளித்த இருபத்திரண்டு உறுதிமொழிகளை நாம் ஏற்றவர்கள். அவ்வுறுதிமொழிகள் தடுப்பது வணக்கத்தை. ஒரு கதையைக் கதையாகக் கண்டு ஆராய்வதை அவை தடுக்கவில்லை. பாபாசாகேப் அந்நூல்களை நம்மில் எவரையும் விட ஆழமாகப் படித்தவர். ஆயினும் ஓர் எச்சரிக்கை: கதை என்று தொடங்கியது எப்போது கைகூப்பலாய் மாறுகின்றது என்பதைக் கைதான் அறியும். பெட்டியின் முன் சின்னஞ்சிறு விளக்கு ஒன்று வந்துவிட்டால், அங்கே காட்சி முடிந்து பூசை தொடங்கிவிட்டது. மதம் மாறிய முதல் தலைமுறையில் இது எளிதில் நிகழும். அதற்காகப் பாட்டிமாரைக் கடிந்துகொள்ள வேண்டாம். அருகில் அமர்ந்து, "இவன் ஏன் இப்படிச் செய்தான், சம்பூகன் கதையை இவர்கள் ஏன் காட்டவில்லை?" என்று மெல்லக் கேட்டாலே போதும். பாட்டிமார் நாம் நினைப்பதைவிடக் கூர்மையானவர்கள்.

மயக்கம் என்பது மூன்றாவது. இது கண்டறிய மிகக் கடினமானது. உண்மையைப் போன்ற தோற்றம் உடையது. இதற்குக் கோலார் தங்கவயலைக் காட்டிலும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. நம் வாசகருள் பலர்க்கு அது தாயகம். 2018 டிசம்பரில் 'கே.ஜி.எப்.' என்ற கன்னடப் படம் வந்து இந்தியா முழுதும் ஓடியது. அதில் நராச்சி என்ற சுரங்கம். துப்பாக்கி முனையில் அடிமைகள். அவர்களை மீட்க வரும் ஒற்றை வீரன். எம் பேரன் அதைத் தோழன் வீட்டில் கண்டுவிட்டு வந்து, "தாத்தா, உங்கள் மாமாவையும் இப்படித்தான் சங்கிலியில் கட்டி வைத்திருந்தார்களா?" என்றான். எம் தாய்மாமன் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் சென்ற சுரங்கம் அது. விடையை அவரிடமே கேட்கும்படி பேரனைத் தங்கவயலுக்கு அழைத்துச் சென்றோம். முதியவர் இருமி இருமிச் சிரித்தார். "துப்பாக்கி இல்லையடா. கூலி இருந்தது, குறைவாக இருந்தது. சங்கம் இருந்தது. தூசி இருந்தது, எங்களைக் கொன்றது அந்தத் தூசிதான்" என்றார்.

பின்னர் யாம் பேரனுக்கு உண்மை வரலாற்றைச் சொன்னோம். 1880 இல் ஜான் டெய்லர் என்ற வெள்ளையர் கம்பெனி வந்தது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சுற்றுப்புறங்களிலிருந்தும் நம் மக்கள் சாரிசாரியாகச் சென்று பூமிக்குள் இறங்கினர். 1930 இல், தொழிலாளர் ஒவ்வொருவரின் கைரேகையையும் பதிவு செய்ய வேண்டும் என்று கம்பெனி கூறியபோது, குற்றவாளிகளைப் போல் எங்களை நடத்துவதா என்று ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தம் செய்தனர். 1956 இல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றது. பின்னர் மைய அரசு ஏற்றது. 2001 பிப்ரவரி 28 ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. இவ்வரலாற்றில் ஒற்றை வீரன் எவனும் இல்லை. பெயர் தெரியாத ஆயிரம் பேர் சேர்ந்து நின்றனர். அப்படத்திலோ அந்த ஆயிரம் பேரும் வெறும் கூட்டம். தம்மை ஒருவன் வந்து காப்பான் என்று காத்துக் கிடப்போர். அதைக் கண்டு நம் பிள்ளை தன் முன்னோரைப் பற்றி வெட்கப்படக் கற்றுக்கொண்டால், அம்மயக்கத்தின் விலை பெரிது.

நடுநிலையோடு மற்றொன்றையும் கூறவேண்டும். 2024 ஆகஸ்டில் பா. இரஞ்சித்தின் 'தங்கலான்' வந்தது. அதுவும் தங்கவயலைப் பற்றியது. நம் மக்களே அதில் தலைமக்கள். புத்தர் சிலையும் வருகின்றது. எம் நெஞ்சு நிறைந்தது. ஆயினும் அதில் மாயமும் மந்திரமும் மிகுதி; அதை வரலாறு என்று எவரும் கொள்ளலாகாது. நம் பக்கம் நிற்கும் கற்பனையையும் கற்பனை என்றே பிள்ளைக்குச் சொல்ல வேண்டும். 'ஜெய் பீம்' படத்திலும் அவ்வாறே. உண்மையில் துன்புற்றோர் குறவர் சமூகத்தினர். படம் இருளர் என்று காட்டுகின்றது. இரு சமூகத்தார் துன்பமும் மெய்யே. எனினும் நிகழ்ந்தது எது, மாற்றப்பட்டது எது என்று அறிந்து பார்ப்பவனை எவரும் எளிதில் ஏமாற்ற முடியாது.

சாதிப் பெருமையை முழங்கும் படங்களைப் பிள்ளைகளிடமிருந்து ஒளித்து வைக்க இயலாது. பேருந்திலும் திருமண மண்டபத்திலும் அப்பாட்டுகள் ஒலிக்கின்றன. ஆதலின் இணைத்துக் காட்டுதல் என்ற முறையை யாம் கையாள்கின்றோம். 1992 இல் வந்த 'தேவர் மகன்' படத்தில் வடிவேலு, இசக்கி என்ற எளியவனாக வந்து கையை இழக்கின்றார். 2023 இல் மாரி செல்வராஜ் இயக்கிய 'மாமன்னன்' படத்தில் அதே வடிவேலு சட்டமன்ற உறுப்பினராக வருகின்றார். முன்னைய படம் தம்முள் உண்டாக்கிய கலக்கத்திலிருந்தே இது பிறந்தது என்று இயக்குநர் வெளிப்படையாகக் கூறினார். இரண்டையும் அடுத்தடுத்த வாரங்களில் பதினாறு வயது கடந்தோரோடு அமர்ந்து கண்டு, "நாற்காலியில் யார் அமர்கிறார்கள், யார் நிற்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். எம் மன்ற இளைஞர்கள் இரண்டு மணி நேரம் வாதிட்டனர். யாம் பேச வேண்டிய தேவையே எழவில்லை.

சிறு பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு 2015 இல் திரையரங்குக்கு வந்த 'காக்கா முட்டை' மிக ஏற்றது. சென்னையில் குடிசைப் பகுதிச் சிறுவர் இருவர். இலவசத் தொலைக்காட்சிப் பெட்டி வீட்டுக்கு வருகின்றது. அதில் பீட்சா விளம்பரம். அன்றுமுதல் அதைத் தின்றே தீர வேண்டும் என்ற தவிப்பு. ஆசை எங்ஙனம் பெட்டியிலிருந்து இறங்கி வயிற்றுக்குள் புகுகின்றது என்பதை இதைவிட எளிதாக எந்த உபதேசியும் விளக்க முடியாது. ஈரான் நாட்டு மஜித் மஜீதி 1997 இல் எடுத்த 'சொர்க்கத்தின் குழந்தைகள்' என்ற படமும் அத்தகையது. ஒரே சோடிச் செருப்பை அண்ணனும் தங்கையும் மாற்றி மாற்றி அணிந்து பள்ளி செல்லும் கதை. மொழி புரியவில்லை என்று எம் பேரன் முதலில் முனகினான். கால்மணி நேரத்துக்குப் பின் மொழி அவனுக்கு நினைவில்லை. பாபாசாகேப்பின் வாழ்க்கையை ஜப்பார் படேல் இயக்கி, மம்முட்டி நடித்து, தேசிய விருதும் பெற்ற படம் தமிழ்க் குரலில் 2010 இல் வந்தது. அது ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஓடும். ஒரே இரவில் காட்டிப் பிள்ளைகளைத் தூங்க வைத்து, பிறகு பாபாசாகேப் என்றாலே கொட்டாவி விடும்படி செய்துவிடாதீர்கள். இரண்டு மாலைகளாகப் பிரித்துக் காட்டுங்கள்.

கருவியின் தந்திரத்தைப் பற்றிச் சில சொற்கள். படநிறுவனங்களின் செயலிகளில் ஒரு பகுதி முடிந்தவுடன் அடுத்தது தானே தொடங்கிவிடும். 'போதும்' என்று நாம் முடிவு செய்ய வேண்டிய அந்த நொடியை அது திருடுகின்றது. அமைப்புப் பகுதியில் சென்று அதை நிறுத்திவிடலாம். யூடியூபிலும் அதற்குத் தனிப் பொத்தான் உண்டு. பிள்ளைகளுக்கு வேறு கணக்கு வைத்து, வயதுக் குறி இட்டு, பெரியவர் கணக்குக்கு எண் பூட்டுப் போடலாம். பூட்டின் எண்ணாக வீட்டுக் கதவு எண்ணை வைக்க வேண்டாம். எம் பேரன் இரண்டே நிமிடத்தில் கண்டுபிடித்தான். கேபிளில் 2019 பிப்ரவரி முதல், கட்டணச் சேனல்களை நாமே தேர்ந்து, தேர்ந்தவற்றுக்கே பணம் செலுத்தும் முறை வந்துள்ளது. பலர் இன்னும் கேபிள்காரர் கொடுத்த கட்டை அப்படியே வைத்துக்கொண்டு, காணாத சேனலுக்கும் திங்கள்தோறும் பணம் கட்டுகின்றனர். சிகாலனுக்குச் சொன்ன பொருட்கசிவு இதுவே அல்லவா?

எம் வீட்டில் இப்போது நடப்பது யாதெனில், வெள்ளிக்கிழமை இரவு உணவின்போது அந்த ஞாயிற்றுக்கான படம் முடிவாகும். முறை வைத்துத் தேர்கின்றோம்: ஒரு வாரம் பேரன், ஒரு வாரம் மகள், ஒரு வாரம் எம் இல்லாள், ஒரு வாரம் யாம். தேர்ந்தவர் இரண்டு கேள்விகளுக்கு விடை கூற வேண்டும்: சான்று எது, ஏன் இதைத் தேர்ந்தீர்? இரண்டாவதற்கு "சும்மா, பிடித்திருக்கிறது" என்பதும் ஏற்கப்படும் விடையே. மற்றவர் மறுக்கலாகாது. பிடிக்கவில்லையாயின் எழுந்து செல்லலாம். ஆனால் படம் முடிந்தபின் நடக்கும் பேச்சுக்குத் திரும்பி வர வேண்டும். அந்தப் பேச்சு கால்மணி நேரந்தான். அதில் பேரன் ஒருமுறை, எமக்கு மிகப் பிடித்த ஒரு பழைய வீரர் படத்தைக் கண்டு, "இந்தத் தாத்தா நடிகர் எல்லாரையும் அடிக்கிறார், யாரிடமும் மன்னிப்புக் கேட்பதே இல்லை" என்றான். நாற்பது ஆண்டுகளில் எமக்கு அது தோன்றியதில்லை.

உபோசத நாட்களில் மட்டும் நான்கு மேடைகளும் அணைந்திருக்கும். கேட்ட சகோதரி இதைத் தம் வீட்டில் செய்து பார்த்துவிட்டு, அடுத்த பௌர்ணமிக்கு வந்து, எது ஒத்துவந்தது எது ஒத்துவரவில்லை என்று கூறுவாராயின், அதையும் இப்பகுதியில் எழுதுவோம்.

வரும் ஞாயிறு எம் இல்லாளின் முறை. எந்தப் படம் என்று அவர் இன்னும் வாய் திறக்கவில்லை.